குண்டு மாமா ஆஜர்

குழந்தைகள் காப்பு வாரியத்தில் தவறு என்று ஒன்று நடப்பதே கிடையாது. நடந்துவிட்டால் அதைப் பதிவு செய்துவிடுவார்கள். அப்புறம் அது தவறு இல்லை. இந்தச் சின்ன விஷயம் புரியாமல் ஒரு நல்ல மனுஷி, பேருந்து ஓட்டிப் பிழைக்கிறவள், அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்த கதை இது.

டெப்போவில் அவளை டிரைவரம்மா என்பார்கள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. குரல் கொஞ்சம் கனம், மனசு வெண்ணெய். வாரியம் சொன்ன பயிற்சிக்கெல்லாம் போய், வீட்டையும் உடம்பையும் பரிசோதனைக்குக் காட்டி, வளர்ப்புத் தாய் என்று அனுமதி வாங்கி, ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். பொடிசு என்று கூப்பிடுவாள். தன்னைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லியிருந்தாள். ஆனால் கூப்பிடத்தான் ஆளில்லை. பொடிசு வாயே திறக்கவில்லை.

வாரக்கணக்கில் இப்படித்தான். சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டை அங்கேயே நகர்த்த வேண்டும். டிரைவரம்மா கெஞ்சிப் பார்த்தாள், கோமாளித்தனம் செய்து பார்த்தாள், பாட்டுகூடப் பாடிப் பார்த்தாள். பாட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்துதான் எதிரொலி வந்தது, அதுவும் நல்ல வார்த்தையாக இல்லை.

அந்தச் சமையலறையில் ஒரு பழைய பிரிட்ஜ் இருந்தது. ஆள் உயரம், வெள்ளை நிறம், கதவு கொஞ்சம் உப்பியிருக்கும். திடீர் திடீரென்று உறும ஆரம்பிக்கும், உடம்பெல்லாம் உதறும், மேலே வைத்திருக்கிற டப்பாக்களும் கூடச் சேர்ந்து ஆடும். டிரைவரம்மாவின் தம்பி பிரிட்ஜ் மெக்கானிக், ஆள் ஒல்லிக்குச்சி. அவன்தான் கீழே வலது ஓரமாக ஓர் இடத்தைக் காட்டி, "அக்கா, ரொம்ப ஆடுச்சுன்னா இங்க ஒரு உதை விடு, அடங்கிடும்" என்று சொல்லிக்கொடுத்திருந்தான். ஒரு நாள் அது உறுமியது. டிரைவரம்மா போகிற போக்கில் ஓர் உதை விட்டாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பாவம். வலிக்கும்."

டிரைவரம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மெதுவாகக் குனிந்து, "யாருக்குடா கண்ணு?" என்றாள்.

"குண்டு மாமாவுக்கு."

ஒல்லியாக ஒரு மாமா வந்துபோகிற வீட்டில், குண்டாக நிற்கிறவர் வேறு யாராக இருக்க முடியும்? டிரைவரம்மா பிரிட்ஜிடம் திரும்பி, "மன்னிச்சுக்கங்க" என்றாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் அந்த வாய் மூடவே இல்லை. துடைப்பம் சித்தியானது. பெரிய வாளி தாத்தாவானது. இஸ்திரிப் பெட்டி சித்தப்பா. கோபக்காரர், கிட்டே போகக் கூடாது. சொந்தமென்று ஒருத்தரும் இல்லாத பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் சொந்தமாக்கிக்கொண்டது. டிரைவரம்மா அன்றைக்குக் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாரியத்தின் கள அலுவலர் வீட்டைப் பார்வையிட வந்தார். இளைஞர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட். வாரியத்தில் 'குழந்தையின் குரல்' என்று ஒரு விதி உண்டு. குழந்தையைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். அது சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். கொடுத்திருக்கிற கேள்விகளைத் தவிர வேறு கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் குழந்தையின் வாயில் வார்த்தையைப் போட்டதாகிவிடுமாம். அதனால் டிரைவரம்மாவை வாசலுக்கு அனுப்பிவிட்டு, அலுவலர் பிரிட்ஜைத் திறந்து ஜில்லென்று தண்ணீர் குடித்தார். பையை அதன் தலையில் வைத்தார். அதன்மேலேயே வாகாகச் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான், பெரியம்மா, குண்டு மாமா."

"குண்டு மாமா என்ன வேலை பாக்கறாரு?"

"ஒண்ணும் பாக்க மாட்டாரு. இங்கதான் நிப்பாரு."

"ராத்திரி தூங்குவாரா?"

"தூங்கவே மாட்டாரு. உறுமிக்கிட்டே இருப்பாரு."

"வீட்ல யாராவது யாரையாவது அடிப்பாங்களா?"

"பெரியம்மா குண்டு மாமாவ உதைப்பாங்க. அப்புறம் அவரு கப்சிப்."

குண்டு மாமா யார் என்ற ஒரே ஒரு கேள்வி, கொடுத்திருந்த கேள்விகளில் இல்லை. அலுவலர் கவலையோடு தலையை ஆட்டி, இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பதிவின் நகல் தபாலில் வந்தது. 'வீட்டில் அறிவிக்கப்படாத ஆண் ஒருவர் வசிக்கிறார். பெயர்: குண்டு. குழந்தைக்கு மாமா முறை. தொழில்: இல்லை. நாள் முழுவதும் சமையலறையில் நிற்கிறார். இரவில் உறங்குவதில்லை. உறுமும் பழக்கம் உள்ளவர். வளர்ப்புத் தாய் இவரைக் காலால் உதைத்துக் கட்டுப்படுத்துகிறார். இதைச் சொல்லும்போது குழந்தை சிரித்தது. வன்முறைக்குப் பழகிவிட்டதாகத் தெரிகிறது.'

டிரைவரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பிக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினாள். அவனும் அந்தப் பக்கம் சிரித்தான். வாசித்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தாள்: 'குழந்தையை வேறு இல்லத்துக்கு மாற்றுவது குறித்து ஆய்வுக் குழு விசாரித்து முடிவெடுக்கும்.' சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வேறு இல்லம் என்றால் வேறு மேசை. வேறு மேசைக்கு அடியில் மறுபடியும் வாயை மூடிக்கொண்டு உட்காரும்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு வாரியத்துக்கு ஓடினாள். பதிவுப் பிரிவில் ஓர் அம்மாள் இருந்தார். கண்ணாடிக்கு மேல் பார்த்தார், கீழே பார்த்தார், கடைசியில் டிரைவரம்மாவையும் பார்த்தார்.

"மேடம், இதுல ஒரு தப்பு இருக்கு. குண்டு மாமாங்கறது எங்க வீட்டு பிரிட்ஜ்."

"தாராளமா திருத்திக்கலாம்மா. திருத்தறதுக்குன்னே ஒரு தனிப் பிரிவு இருக்கு."

"ரொம்ப நன்றி மேடம்."

"ஆனா பதிவ மாத்த முடியாது. அதுக்குக் கீழ, நீங்க ஒத்துக்கலைன்னு ஒரு வரி சேப்போம். அதுதான் திருத்தம்."

"பிரிட்ஜ ஆள்னு எழுதியிருக்கு மேடம்! அத அடிச்சுட்டு..."

"அடிக்கறதா?" அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அது குழந்தையோட குரல்மா. பெரியவங்க யாரும் அதுல கை வைக்கக் கூடாது. போன வருஷம் அதுக்காகவே பெரிய கூட்டம் போட்டோம். கேக்கெல்லாம் வெட்டினோம். குழந்தை பொய் சொல்லும்கறீங்களா?"

"இல்ல மேடம், அது நெஜமாத்தான் சொல்லுச்சு. நீங்கதான்..."

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க." அம்மாள் எதையோ தட்டச்சு செய்தார். "இன்னொரு விஷயம். இதுல இருக்கறது அந்த குண்டுங்கறவரோட சொந்தத் தகவல். அவரு அனுமதி இல்லாம அதப் பத்தி உங்ககிட்ட பேசறதே தப்பு. ஆட்சேபணை இருந்தா அவரே நேர்ல வரட்டும்."

"அவரு எப்படி மேடம் வருவாரு? அவருக்குக் கால் இல்ல!"

அம்மாள் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. "அடப் பாவமே. அதச் சொல்லலியே நீங்க" என்று அதையும் தட்டச்சு செய்தார்.

அடுத்த வாரம் வந்த நகலில் குண்டு மாமா மாற்றுத்திறனாளி ஆகியிருந்தார். கால் இல்லாத மனிதரைக் காலால் உதைத்தவள் என்று டிரைவரம்மாவின் பேரும் ஒரு படி ஏறியிருந்தது.

"மண்டையப் பிச்சுக்காதக்கா, நான் எழுதித் தர்றேன்" என்றான் தம்பி. தொழில்முறைத் தாளில், முத்திரை போட்டு, இந்த பிரிட்ஜை நான் பல வருஷமாகப் பழுது பார்க்கிறேன், நடுக்கம் இருக்கிறது, பின்பக்கம் கசிவு இருக்கிறது, போன கோடையில் கேஸ் ஏற்றினேன், இன்னும் ரொம்ப நாள் தாங்காது என்று உண்மையை எழுதிக் கொடுத்தான். வாரியம் அதைப் பரிசீலித்தது. எழுதியவர் டிரைவரம்மாவின் சொந்தத் தம்பி என்பதால் பிரிட்ஜ் என்ற கூற்றை ஏற்க முடியாது என்றது. ஆனால் உடல்நிலை பற்றிய தகவல்களை ஏற்க எந்தத் தடையும் இல்லை என்றது. குண்டு மாமாவுக்கு நடுக்கம், கசிவு, வாயுத் தொல்லை எல்லாம் பதிவாகின. இவ்வளவு முடியாதவரை மருத்துவரிடம் காட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டியது ஏன் என்று விளக்கமும் கேட்டார்கள்.

உதைத்ததற்காகக் கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். போகாவிட்டால் ஒத்துழையாமை என்று எழுதுவார்களே, போனாள். அங்கே எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, "உங்களால காயப்பட்டவங்கள மனசுல நெனச்சு, அவங்களோட நல்ல குணத்தச் சொல்லுங்க" என்றார் பயிற்சியாளர். டிரைவரம்மா யோசித்து, "பால் கெடாது" என்றாள். அந்த வகுப்பிலேயே மனம் திறந்து பேசியவர் என்று பாராட்டினார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். குழந்தையை மறுபடியும் கேட்டுவிடுங்கள், அதுவே சொல்லிவிடும் என்று டிரைவரம்மா எழுதிக் கேட்டாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. அதே கள அலுவலர் வந்தார். பொடிசு தெளிவாக, "குண்டு மாமா பிரிட்ஜ்" என்றது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துகூடக் காட்டியது. அவர் பார்த்தார். உள்ளேயிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

வாசலில் டிரைவரம்மா வழிமறித்துக்கொண்டாள். "சார், இப்பவாவது எழுதுவீங்கல்ல?"

"எழுதிட்டேன்மா. 'குழந்தை முதலில் சொன்னதை மாற்றிச் சொல்கிறது. சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கலாம்.' முதல்ல சொல்றதுதான் குழந்தையோட குரல். ரெண்டாவது சொல்றதெல்லாம் பெரியவங்க குரல்."

"நீங்க சாஞ்சுக்கிட்டு நின்னீங்களே சார், அந்த பிரிட்ஜ் மேல!"

"நான் எது மேல சாஞ்சேங்கறது வீட்டப் பத்தின அறிக்கைல வராதும்மா. அறிக்கை எழுதறவரு அறிக்கைல இருக்கக் கூடாது." ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

அவர் போனதும் டிரைவரம்மா உள்ளே வந்தாள். பொடிசு மேசைக்கு அடியில் இருந்தது.

"பெரியம்மா, நான் சொன்னதாலதான் என்னைய வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களா?"

"யாருடா சொன்னா உனக்கு?"

"அந்த சார் போன்ல சொன்னாரு." மேசைக் காலைக் கட்டிக்கொண்டு, "இனிமே சொல்ல மாட்டேன்" என்றது. அவ்வளவுதான். அதற்கப்புறம் சித்தி இல்லை, தாத்தா இல்லை. துடைப்பம் துடைப்பமாகவே மூலையில் கிடந்தது. பிரிட்ஜ் உறுமினால் பொடிசு காதைப் பொத்திக்கொண்டது. டிரைவரம்மாவுக்கு வயிறு எரிந்தது. எந்தக் குரலைக் காப்பாற்றக் கூட்டம் போட்டுக் கேக் வெட்டினார்களோ, அந்தக் குரலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "நேர்லதான வரணும்? வர்றோம்டா!" என்று தம்பிக்குப் போன் போட்டாள்.

விசாரணை அன்று தம்பி ஒரு வேனைக் கொண்டுவந்தான். அக்காவும் தம்பியுமாகக் கயிறு கட்டி, பிடித்து இறக்கி, தள்ளுவண்டியில் வைத்து, பிரிட்ஜை வாரியத்தின் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். காவலாளி மறித்தார்.

"சாமானெல்லாம் உள்ள விடக் கூடாது."

"சாமான் இல்ல. குண்டு மாமா. இன்னிக்கு விசாரணை" என்றாள் டிரைவரம்மா.

காவலாளி பட்டியலைப் பார்த்தார். பெயர் இருந்தது. கேமராவைப் பிரிட்ஜுக்கு நேராகத் திருப்பிப் படம் பிடித்து, பார்வையாளர் அட்டையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, "மாற்றுத்திறனாளிக்குச் சாய்வுப் பாதை அந்தப் பக்கம்" என்று வழியும் காட்டினார். அந்தக் கட்டடத்தில் மூளையும் மனசும் சேர்ந்து வேலை செய்த ஒரே இடம் அந்த வாசல்தான் என்று டிரைவரம்மா பின்னாளில் சொல்வாள்.

கூடத்தில் நீள மேசை. நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், ஓரத்தில் குறிப்பெடுப்பவர். தள்ளுவண்டி உள்ளே வந்ததும் எல்லாரும் கோப்பைப் புரட்டினார்கள். தலைவர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"உக்காரச் சொல்லுங்க."

"நிக்கத்தான் சார் முடியும்" என்றான் தம்பி.

"சார், நல்லா பாருங்க. இது பிரிட்ஜ்" என்றாள் டிரைவரம்மா. "கதவு, தட்டு, ஐஸ் பெட்டி. இதுக்காகவா சார் என் புள்ளையப் பிரிக்கப் பாக்கறீங்க?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர் என்று பேர் எடுத்தவர். பேச ஆரம்பித்தால் குரல் தழுதழுக்கும். "அம்மா, எனக்கும் கண்ணு இருக்கு. இது பிரிட்ஜ்னு எனக்குத் தெரியாதா? ஆனா எனக்குத் தெரியறது பதிவு ஆகாதே! இந்த நாற்காலில உக்காந்து இத்தன வருஷத்துல நான் ஒரு குழந்தையக்கூட நேர்ல பாத்ததில்லம்மா. பெருமைக்காகச் சொல்லல. பாத்தா பாசம் வந்துரும், தீர்ப்புல சறுக்கல் வந்துரும். குழந்தை இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும், வளரும், பல்லு விழும். கோப்பு அப்படியா? வெச்ச எடத்துல இருக்கும். நாங்க பாதுகாக்கறது அதத்தான்." உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

கள அலுவலர் எழுந்தார். "ஐயா, உறுமும் பழக்கம்னு பதிவுல இருக்கு. அத மட்டும் சரிபார்த்துரலாம்."

சரிபார்க்கலாம் என்றார் தலைவர். தம்பி வயரை நீட்டிச் சுவரில் சொருகினான். குண்டு மாமா ஒரு நொடி யோசித்தார். பிறகு உறுமினார் பாருங்கள், வேனில் குலுங்கி வந்த கோபமெல்லாம் சேர்த்து! கூடம் அதிர்ந்தது. மேசைமேல் தண்ணீர் டம்ளர்கள் ஆடின. தலைவர் வாய் அசைகிறது, குரல் கேட்கவில்லை. "என்ன சார்? கேக்கல சார்!" என்று கத்தினாள் டிரைவரம்மா. மனசு முழுக்க அவர் என்ன சொல்கிறாரோ என்பதிலேயே இருந்தது. கால்தான் பழக்க தோஷத்தில் தன் பாட்டுக்குப் போய்விட்டது.

கீழே வலது ஓரம். ஓர் உதை. கப்சிப்.

அந்த அமைதியில் குறிப்பெடுப்பவரின் விரல் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஓர் உறுப்பினர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எங்க கண்ணு முன்னாலயே..." என்றார் தலைவர்.

"போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் டிரைவரம்மா.

குழு தனியறைக்குள் போனது. சீக்கிரமே திரும்பி வந்தது. தலைவர் நின்றுகொண்டே வாசித்தார். 'குண்டு என்பவர் வளர்ப்புத் தாயால் தாக்கப்பட்டதை இக்குழு நேரில் கண்டது. கால் இல்லாதவர், நடுக்கம் உள்ளவர், எதிர்த்துப் பேசாதவர். இப்படிப்பட்டவரை இனி அந்த வீட்டில் விட்டுவைக்க முடியாது. அவரை இன்று முதல் வாரியம் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்கிறது. அவர் வெளியேறிவிட்டபடியால் அந்த வீட்டில் அறிவிக்கப்படாத பெரியவர் எவரும் இல்லை. உதைக்கப்படுவதற்கும் ஆள் இல்லை. எனவே குழந்தை அதே வீட்டில் தொடரலாம். வளர்ப்புத் தாய்க்கு ஆட்சேபணை உண்டா?'

டிரைவரம்மா வாயைத் திறந்தாள். அது என் பிரிட்ஜ், அவர் என்று ஒருத்தர் கிடையாது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எல்லாமே தப்பு. அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இதைச் சொல்லத்தானே இவ்வளவு நாள் நாயாய் அலைந்தாள். தம்பி அவள் காலை நறுக்கென்று மிதித்தான்.

"அக்கா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு, "புள்ள வேணுமா, பிரிட்ஜ் வேணுமா?"

டிரைவரம்மா வாயை மூடிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள். போகும்போது குண்டு மாமாவின் கதவில் ஒரு தடவை கையை வைத்து, "உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். குறிப்பெடுப்பவர் அதையும் எழுதிக்கொண்டார்: 'வருத்தம் தெரிவித்தார்.'

குண்டு மாமா இப்போது தலைவர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறார். அலுவலகத்தார் மதியச் சாப்பாட்டை அவருக்குள்தான் வைக்கிறார்களாம். அவர் உறுமினால் கூட்டத்தையே ஒத்திவைக்கிறார்களாம். உதைக்க முடியாதே, பாதுகாப்பில் இருப்பவர்.

"குண்டு மாமாவ ஜெயில்ல போட்டுட்டாங்களா பெரியம்மா?" என்று பொடிசு ஒரே ஒரு தடவை கேட்டது.

"சே, சே. ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துட்டாரு."

பொடிசு அதை நம்பியதா என்று தெரியவில்லை. தம்பி எங்கேயோ அலைந்து வேறொரு பிரிட்ஜ் கொண்டுவந்து வைத்தான். ஒல்லியானது, பச்சை நிறம், சத்தமே வராது. பொடிசு அதை ஏறெடுத்துப் பார்க்கவும் இல்லை. டிரைவரம்மாவும் அதைக் கேட்டு இதைக் கேட்டுத் தூண்டிப் பார்த்தாள். ஒன்றும் பெயரவில்லை.

அடுத்த பார்வைக்கு வேறொரு கள அலுவலர் வந்தார், இளம்பெண். இந்தத் தடவை டிரைவரம்மா வாசலுக்குப் போகிற மாதிரி போய், சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான். பெரியம்மா."

"வேற?"

"வேற யாரும் இல்ல."

அந்தப் பெண் கோப்பைப் படித்துவிட்டு வந்தவர்போல. பச்சை பிரிட்ஜைக் காட்டி, கொடுத்த கேள்விகளில் புதிதாகச் சேர்ந்திருந்த கேள்வியாக, "இது என்ன?" என்றார்.

"பிரிட்ஜ்."

"சமத்து!" அலுவலர் எழுதிக்கொண்டார்: 'குழந்தையிடம் நல்ல முன்னேற்றம். உண்மைக்கும் கற்பனைக்கும் வேறுபாடு தெரிகிறது.' அந்த வரியைப் பிற்பாடு நகலில் படித்தாள் டிரைவரம்மா. அன்றைக்கு ஜன்னலோரம் நின்றவளுக்கு, பொடிசின் அந்த ஒற்றை வார்த்தையே போதுமானதாக இருந்தது. கண் கரித்தது. பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தாள்.

வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. பொடிசு எழுந்து போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. பிறகு பச்சை பிரிட்ஜின் கதவோடு வாயை ஒட்டி வைத்துக்கொண்டு, ரகசியமாகச் சொன்னது.

"போயிட்டாங்க அத்தை. இப்ப பேசலாம்."